கத்தி படாத வரிசை

போனை வைத்த பிறகும் அவள் பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸின் வாசலிலேயே நின்றாள்.

உள்ளே கணவர் பாடிக்கொண்டிருந்தார்.

ரோஜாச் செடியின் முன் குந்தி, மண்ணைத் தள்ளி, தண்டும் வேரும் சேருமிடத்தில் புடைத்திருந்த கட்டியைச் சீவி எறிந்தார். கத்தியை லுங்கியில் துடைத்துவிட்டு அடுத்த செடி. கட்டி இல்லாத செடியையும் விடுவதில்லை. வருவதற்கு முன்பே சீவிவிட்டால் வராதாம். அவராகக் கண்டுபிடித்த வைத்தியம்.

போன வருடம் குடைமிளகாய் மொத்தமும் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர். பூச்சிமருந்தை அவள் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள்.

இந்தக் கத்தியை எடுத்த பிறகுதான் எழுந்தார். வாய்விட்டுச் சோறு கேட்டார்.

ஆய்வகத்து அம்மா போனில் பொறுமையாகத்தான் சொன்னார். அவள் அனுப்பிய வேரில் இருப்பது ஒரு பாக்டீரியா. மண்ணில் பேசாமல் கிடக்கும். கட்டி உண்டாக்கும் மரபணுக்கள் அதற்குள் அணைந்தே இருக்கும். செடியில் காயம் பட்டுச் சாறு கசிந்தால் போதும், அத்தனையும் விழித்துக்கொள்ளும். காயத்தின் வழியாகத் தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடிக்குள் வைத்துவிடும். அப்புறம் செடியே கட்டியை வளர்க்கும். கிருமிக்குத் தீனியும் செடியே சமைத்துப் போடும்.

நாசமாய்ப் போன கிருமிக்கு எத்தனை சாமர்த்தியம்!

"மருந்து எதுவும் இல்லீங்களா?"

"உள்ள வச்சிட்டுப் போனதை எடுக்க முடியாதும்மா. கிருமி செத்தாலும் கட்டி வளரும். ஒண்ணு விடாமப் பிடுங்கி எரிச்சிருங்க. அந்த மண்ணுல கொஞ்ச வருஷத்துக்கு ரோஜா வேண்டாம்."

பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராய்க் கேட்டார்.

"கத்தி எதுவும் வைக்கலையே?"

அவள் கணவரின் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள்.

சாணை பிடித்துக் கொடுத்ததே அவள்தான்.

போன மாதம் அவர் சீவிய செடிகள் வாசலருகே நின்றன. சீவிய இடத்திலெல்லாம் புதுக்கட்டி. முன்பைவிடப் பெரியது. பழைய கட்டியின் வேர் மிச்சமிருக்கிறது என்று அவர் சொன்னபோது, அவளும் நம்பினாள்.

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஏன் இங்கியே நின்னுட்ட? யாரு போன்ல?"

"எங்கக்கா."

"இந்தக் கடைசி வரிசைதான் பாக்கி. இன்னும் கத்தியே படலை. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிட்டா இதாவது தப்பிச்சிரும், பாரேன்."

சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது.

அந்த வரிசையையும் எரிக்கத்தான் போகிறோம். இன்றைக்கே அதைச் சொல்ல வேண்டுமா?

"குடுங்க, நான் செய்யறேன். நீங்க டீயக் குடிங்க. பிளாஸ்க்ல இருக்கு."

கத்தியை வாங்கிக்கொண்டு குந்தினாள். முதல் செடியின் மண்ணைத் தள்ளினாள். தண்டில் ஒன்றுமில்லை. வழவழவென்று இருந்தது.

லேசாகச் சீவினாள். சாறு கசிந்தது.

டீ டம்ளரோடு அவர் பின்னால் வந்து நின்றார்.

"பயப்படாத புள்ள. இன்னும் கொஞ்சம் ஆழமாச் சீவு."

அவள் ஆழமாகச் சீவினாள்.