சாயும் பக்கம்

“இது எங்க வீட்டு மேலதான் சாயுது” என்று கம்ப்யூட்டர் திரையில் விரலை ஊன்றினார் வலது பக்கத்து வீட்டுக்காரர்.

அவரோடு உள்ளே நுழைந்த அம்மாள் பேனாவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து இன்ஜினியர் பெண்ணுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அவள் தனியாகக் கணக்குப் போட்ட முதல் பத்து மாடி இது. இரண்டு பக்கத்து வீட்டாரும் ஆட்சேபம் இல்லை என்று இன்றைக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால், முதலாளி வேலையை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவார்.

நிலநடுக்கம் வந்தால் கட்டடம் எவ்வளவு அசையும் என்று காட்டும் படம். பத்து மாடியும் வலது பக்கம் வளைந்து, பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பதுபோல் நின்றது.

“சாயறது இல்லீங்க சார். கட்டடம் பல விதமா ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதிகபட்சம் எவ்வளவுன்னு பாத்து, வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுப்போம்.”

“தமிழ்ல சொல்லும்மா.”

“மைனஸை மைனஸால பெருக்கினா ப்ளஸ். அதனால விடையில மைனஸே வராது. எல்லாம் ப்ளஸ்ஸுன்னு சாஃப்ட்வேர் ஒரே பக்கமா வரைஞ்சிடுது. எந்தத் திசைன்னு அதுக்கே தெரியாது.”

“அப்ப அந்தப் பக்கமும் போகும்?”

“போகும்.”

“இதே அளவு?”

“ஒரு மில்லிமீட்டர் குறையாது. ஆனா நடுவுல வேண்டிய இடம் விட்டிருக்கோம். யார் வீட்டையும் தொடாது.”

‘ஆனா’வுக்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. “எனக்கு மட்டும் ஓரவஞ்சனையோன்னு நெனச்சேன். அவங்களுக்கும் உண்டுன்னா எனக்கென்ன வருத்தம்?”

சொல்லிவிட்டு அம்மாளைப் பார்த்துச் சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை. பேனாவை மூடினார்.

அவர் கையை நீட்ட, அம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் பேனாவைக் கொடுத்தார். முப்பது வருஷ தாம்பத்தியம் இப்படித்தான் இருக்கும்போல என்று அவளுக்குச் சின்னப் பொறாமைகூட வந்தது. அவள் வீட்டில் பேனா கேட்டால், எதுக்கு என்று முதலில் ஒரு விசாரணை நடக்கும்.

கையெழுத்தைப் போட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “வர்றேம்மா” என்று அவர் படியிறங்கிப் போனார்.

அவளுக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது. இவ்வளவு தெளிவாக அவள் யாருக்கும் எதையும் விளக்கியதில்லை. இடது பக்கத்து வீடு மட்டும்தான் பாக்கி. அவர்கள் வந்தாலும் இதையே சொல்லிவிடலாம்.

அம்மாள் இன்னும் எழுந்திருக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா கைப்பைக்குள் போய்விட்டிருந்தது.

“சார் கீழ போயிட்டாரேம்மா. நீங்க கூடப் போகலையா?”

“நான் எதுக்கு அவர்கூடப் போகணும்? நான் இடது பக்கத்து வீடு.”