வெள்ளை அடைப்பு

பல் கிளினிக்கில் ரதீஷ் வைத்திருந்த பாக்கி ஆயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.

அதைக் கேட்டு வாங்கவேண்டியது அங்கே வேலை பார்க்கும் தன்யா. ஆனால் அவனிடம் கறாராகப் பேச அவளுக்கு மனம் வரவில்லை. மனைவி பிரேமகுமாரி குளியலறையில் வழுக்கி விழுந்து கடைவாய்ப் பல் உடைந்தது என்று அவன் பதறிக்கொண்டு வந்ததை அவள் பார்த்திருந்தாள்.

"வெள்ளி அடைப்புன்னா செலவு குறைவு, உறுதியும் கூடுதல். வெள்ளை பாக்க அழகு. ஆனா பலமா இடிச்சா பெயர்ந்துரும்" என்றார் டாக்டர்.

"வெள்ளியில பாதரசம் உண்டுல்லா டாக்டரே? அது விஷமாக்கும்" என்றான் ரதீஷ்.

"அந்த அளவுக்குப் பயப்படாண்டாம்."

"வேண்டாம் டாக்டரே. கடன் ஆனாலும் செரி, எனக்க பெண்டாட்டி வாயில விஷம் வேண்டாம். வெள்ளையே போடுங்க."

தன்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பல்வலியில் துடித்தபோது, உப்பு வைத்துக் கடி என்று சொன்னதோடு சரி அவள் புருஷன்.

இன்று ரதீஷ் மனைவியோடு வந்து, பாக்கி முழுவதையும் கொடுத்துவிட்டு, பைக்கை எடுக்க வெளியே போனான்.

"கடன் தீந்துது. குடுத்து வச்சவளாக்கும் நீ, மக்கா" என்றாள் தன்யா.

பிரேமகுமாரி வாசலைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த தடவை வரும்போ வெள்ளியே போடணும்னு டாக்டர்கிட்ட சொல்லி வையுங்க அக்கா. அவரு அடிச்சா வெள்ளை தாங்காது."