மினிபஸ் கமிஷன்

ஞாயிற்றுக்கிழமை, இத்தாலியில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தோடும் மூட்டைகளோடும் மினிபஸ் வந்ததும் மால்டோவாவின் அந்தச் சின்னக் கிராமமே அதை மொய்த்தது.

"என்னண்ணே, மகன் பணம் அனுப்பியிருக்கானா?" என்றாள் ஸினைடா.

கிரிகோரே மீசையை முறுக்கினார். "பின்னே? பேங்க்ல கமிஷன் கொள்ளை. மினிபஸ் டிரைவர்கிட்ட குடுத்தனுப்பினா கமிஷன் பாதிதான்."

"செலவு மகனுக்குத்தானே? உங்களுக்கு ஏன் வலிக்குது?" சிரித்தபடி அவள் தன் மூட்டையோடு போனாள்.

கூட்டம் கலைந்ததும் கிரிகோரே டிரைவரிடம் ஓர் உறையை நீட்டினார்.

"ரோம்ல என் மகன்கிட்ட குடுத்துடுப்பா. நர்ஸ் பரீட்சைக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டணும். ஊர்ல மூச்சு விட்டுடாதே."

"நான் வாயைத் திறப்பேனா? போன வருஷம் ஸினைடா அக்காவும் இப்படித்தான் ஒளிச்சு நீட்டினாங்க. மக பாஸாகி இப்ப மாசாமாசம் அனுப்புறா."

கிரிகோரேயின் நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்ப அடுத்த வருஷம் என் மகன் அனுப்புறதை ஏத்த பெரிய வண்டியா எடுத்துட்டு வா!"