பார்ட்டிஷனைத் தூக்கு

"சார், ஒரு தடவை எடுத்துட்டா திரும்ப வராது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மேலாளரின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கெஞ்சினார் கம்ப்யூட்டர்காரர். நாற்காலியைப் பின்னால் தள்ளக்கூட இடமில்லாத அறை. திரையில் C, D என்று இரண்டு பாகமாக, அதாவது இரண்டு பார்ட்டிஷனாக, பிரிந்து கிடந்தது ஹார்ட் டிஸ்க்.

"யோசிக்க என்னய்யா இருக்கு? அது வேண்டாத பார்ட்டிஷன். தூக்கிட்டு இடத்தை என் பக்கம் சேருன்னு காலையிலயே சொல்லியாச்சு. நாளைக்குக் கம்பெனித் தலைவர் வர்றாரு, எனக்கு இடம் வேணும்!"

மேலாளர் தையல் கடைக் கண்ணாடி முன்னால் புதுக் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குத் தலைவரின் மனம் குளிர்ந்தால் அவர் பொது மேலாளர்.

கம்ப்யூட்டர்காரர் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. பராமரிப்புப் பிரிவில் ஆறு பேர் பார்த்த வேலைக்கு ஒருவர் போதும் என்று கண்டுபிடித்தவர் மேலாளர். அந்த ஒருவர் இவர்தான், பாவம். இதுவரை ஒரு குழாயையும் இரண்டு பூட்டையும் சரிசெய்திருந்தார். இன்றைக்காவது படித்த படிப்புக்கு ஒரு வேலை வந்ததே என்று அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"உள்ள நிறைய ஃபைல் இருக்கு சார்."

"இருக்கும். எல்லாம் பூச்சி அரிச்ச ஃபைலு. கடாசு!"

வைரஸைத்தான் பூச்சி என்கிறார் என்று இவர் புரிந்துகொண்டார்.

"எதுக்கும் ஒரு காப்பி எடுத்து வச்சுடட்டுமா?"

"காப்பியெல்லாம் நாளைக்குத் தலைவர் வந்து உக்காந்ததும் எடுத்து வச்சாப் போதும். இப்ப வேலையப் பாரு."

போன் அடங்கியது. D-யைத் திறந்தால், உள்ளே 'தலைவர் வருகை' என்று ஒரு ஃபோல்டர். உடனே மறுபடியும் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார். நாளைக்கு வேண்டியது எதுவும் இதுல மாட்டிக்கலையே?"

"நாளைக்கு வேண்டியது அத்தனையும் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குய்யா! மூணு வருஷ உழைப்பு. அதுல கைய வச்சே, ஏழாவது ஆளா நீயும் வீட்டுக்குத்தான்!"

அப்படியானால் அசல் C-யில் இருக்கிறது, இது ஏதோ பழைய நகல். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவருக்கு. கண்ணை இறுக மூடிக்கொண்டு D-யை அழித்தார். அதன் இடம் முழுவதையும் C-யோடு ஒட்டினார். துளிகூட வீணாகவில்லை.

சாயங்காலம் கோட்டும் தானுமாக மேலாளர் உள்ளே நுழைந்தார்.

"சுத்தமா எடுத்துட்டேன் சார். இடம் பூரா உங்க பக்கம் வந்தாச்சு!" கம்ப்யூட்டர்காரர் முகமெல்லாம் பல்லாக எழுந்து நின்றார்.

மேலாளர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலிக்குப் பின்னால் கையை நீட்டி, விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டினார்.

"அறையை ரெண்டாப் பிரிக்கிற இந்தப் பலகை அப்படியே நிக்குதேய்யா! நீ எந்தப் பார்ட்டிஷனை எடுத்தே?"