நாலரைக்கு முன்னால் ஒரு வினைச்சொல்

"ஏனுங்க, இங்கிலீஷ்ல 'செட்'டுங்கற சொல்லுக்கு மொத்தம் எத்தனை அர்த்தமுங்க?"

காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போயிருக்க வேண்டிய மதுமதி, மாப்பிள்ளைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி கேட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணே கேள்வி கேட்டது மாப்பிள்ளையின் அம்மா சௌந்திரத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை தமிழரசுக்கு முகமெல்லாம் பூரிப்பு. சேலத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் அவன். பேர்தான் தமிழரசு, பிழைப்பு இங்கிலீஷ்.

மதுமதிக்கு வேண்டியது அர்த்தம் இல்லை, நேரம். கால்நடை மருத்துவம் முடித்தவளுக்குச் சென்னையில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஆடி பிறப்பதற்குள் சம்பந்தம் உறுதியாகவில்லை என்றால் தாராளமாகப் போய்ச் சேர்ந்துகொள் என்று அப்பா சின்னண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். விடிந்தால் ஆடி.

மேசை மேல் தட்டில் உப்பும் சர்க்கரையும் தயாராக இருந்தன. நாலரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்கப்புறம் இன்றைக்கு வேறு நல்ல நேரமே கிடையாது என்று ஜோசியர் அடித்துச் சொல்லியிருந்தார். அதற்குள் இரண்டு வீட்டாரும் உப்புச் சர்க்கரை மாற்றிக்கொண்டால் கல்யாணம் உறுதி. சென்னைப் படிப்பு அத்தோடு போச்சு.

வாத்தியார்களுக்கு அவர்கள் பாடத்தைத் தொட்டுவிட்டால் வாய் மூடாது என்பது மதுமதியின் கணக்கு. அகராதியில் பக்கம் பக்கமாக நீள்கிற சொல் எது என்று காலையிலேயே தேடிப் பார்த்து வைத்திருந்தாள்.

கணக்கு தப்பவில்லை. தமிழரசு சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தான். காபியை ஓரமாக நகர்த்திவிட்டு, சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தான். 'உட்கார்' என்பதற்கு வெள்ளைக்காரன் வைத்திருக்கும் சொல்லுக்கு இது பங்காளி, உட்கார வைப்பது என்பதுதான் ஆதி அர்த்தம் என்றான். மேசையில் தட்டு வைத்தாலும் செட், மோதிரத்தில் கல் பதித்தாலும் செட், முறிந்த எலும்பைச் சேர்த்து வைத்தாலும் செட். தயிர் உறைவது, சிமெண்ட் இறுகுவது, பொழுது சாய்வது, கேள்வித்தாள் தயாரிப்பது, எலிக்குப் பொறி வைப்பது எல்லாம் அதேதான்.

பொறி என்றதும் மதுமதி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

சௌந்திரம் மகனின் முழங்கையைத் தொட்டார். "சாமி, நேரமாவுது. மிச்சத்தை அப்பறம் பேசிக்கலாம்."

"இருங்கம்மா. பாதியில வுட்டா அவங்க தப்பாப் புரிஞ்சுக்குவாங்க."

அடுத்த உதவி மதுமதி எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. சின்னண்ணன் கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறவர். முட்டையை அடுக்கிச் சூடு காட்டுகிற இயந்திரத்தைச் செட்டர் என்கிறோமே, அதுவும் இந்த வகையறாதானா என்று கேட்டுவிட்டார். அதேதான் என்றான் தமிழரசு. கோழியை அடை வைப்பதற்கும் இங்கிலீஷில் இந்தச் சொல்தான். கோழி எழுந்து போய் இயந்திரம் வந்த பிறகும் சொல் மட்டும் முட்டை மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்றான். சின்னண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் இது தெரியாமல் போச்சே என்றவர், அப்படியானால் பம்புசெட்டு, பல்செட்டு எல்லாம் என்ன கணக்கு என்று அடுத்ததற்குத் தாவினார். கூட்டமாகச் சேர்ந்திருக்கும் அந்தச் செட் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, ஒரே பேர் வைத்துக்கொண்ட வேற்று வீட்டுப் பிள்ளை என்று அதையும் விளக்கினான் மாப்பிள்ளை.

சௌந்திரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். மதுமதி அவசரமாக வாயில் வந்ததைக் கேட்டாள்.

"அப்ப, 'அப்செட்'டுங்க?"

"நல்லாக் கேட்டீங்க" என்றான் தமிழரசு. அந்தச் சொல்லுக்கு முதலில் தூக்கி நிறுத்துவது என்றுதான் அர்த்தம், போகப் போகத்தான் கவிழ்ப்பது என்று தலைகீழாக மாறிப்போனது என்று சொல்லி, அது எப்படி மாறியது என்பதையும் விரல் விட்டு விளக்கத் தொடங்கினான். அவன் முடிப்பதற்குள் சுவர்க் கடிகாரம் நாலரை அடித்தது.

சௌந்திரம் தட்டைத் திரும்ப மேசையில் வைத்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா என்று மகனை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டார். ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் எழுந்தார்கள். சின்னண்ணன் மகளைப் பார்த்து, சொன்ன சொல் சொன்னதுதான், பெட்டியைக் கட்டு என்றார்.

மதுமதிக்கு ஜெயித்த சந்தோஷத்தோடு கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. இத்தனை ஆசையாகப் பேசியவனை இப்படி ஏமாற்றியிருக்க வேண்டாம் என்று தோன்ற, வாசல்வரை பின்னாலேயே போனாள்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. நேரத்தைத் தள்ளறதுக்குத்தான் அப்படிக் கேட்டேனுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தமிழரசு, அம்மா காரில் ஏறிவிட்டதை உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"நானும் அதுக்குத்தானுங்க 'டேக்'குங்கற சொல்லைத் தயார் பண்ணிட்டு வந்தேன், நல்லவேளையா நீங்களே ஆரம்பிச்சுக் குடுத்தீங்க. எங்க காலேஜ் கணக்கு மேடத்தை இந்த ஆடியிலயே ரிஜிஸ்டர் கல்யாணம் பண்றேனுங்க, அந்த மாசந்தான் ஆபீசுல கூட்டமே இருக்காது."