வீடு பார்க்கும் படலம்

"தட்டிப் பாக்குறதுக்கு இது இன்னா தேங்காயாம்மா?"

எத்திராஜ் கேட்டே விட்டார். வீடு பார்க்க வந்த ஜெகதீஷின் அம்மா கூடத்துச் சுவரை விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"காசு குடுத்து வாங்குறவ தட்டத்தானே செய்வா, அண்ணாத்தே" என்றாள் அவள், அசராமல். அடுத்த சுவருக்கு நகர்ந்தாள்.

எத்திராஜுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

திருமுல்லைவாயிலில் அவர் அப்பா நெல் போட்ட மண் இது. மகன் தமிழ்வாணனுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு, மகன் பேரும் மருமகள் கலைவாணி பேரும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். அதில்தான் இருவரும் வீடு கட்டினார்கள். இப்போது கோர்ட்டில் விவாகரத்துக்கு மனுப் போட்டுவிட்டு, வீட்டை விற்று ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளப் போகிறார்களாம்.

காரணம் கேட்டால் 'கருத்து வேறுபாடு'.

எந்த வீட்டில் இல்லாத கருத்து வேறுபாடு? அவரும் அவர் மனைவி வடிவும் குழம்பில் போடும் உப்புக்குக்கூட ஒத்துப்போனதில்லை. அதற்காகக் கோர்ட் படியா ஏறினார்கள்?

கலைவாணியிடம் கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "ஒத்துவரல மாமா" என்பதற்கு மேல் ஒரு சொல் உதிரவில்லை. சரியான அழுத்தக்காரி. பிரியலாம் என்ற பேச்சை முதலில் எடுத்தவளும் அவள்தான். மகன் பாவம், தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டான்.

போன மானம் போகட்டும். அது வெளியாளுக்குத் தெரியக்கூடாது.

அதற்காகத்தான் மாங்காட்டில் தன் அண்ணன் வீட்டில் இருந்த கலைவாணியை இன்று வரவழைத்திருந்தார். "வர்றவங்க முன்னாடி இந்த ஊட்டுப் பொம்பளையா சிரிச்ச மூஞ்சோட நில்லு, போதும்" என்று போனிலேயே உத்தரவு. கழற்றி வைத்திருந்த கல்யாணப் படத்தையும் நாற்காலி போட்டு ஏறித் தாமே மாட்டினார். தமிழ்வாணன் சோபாவில் உட்கார்ந்து போனைச் சத்தமாக வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

கலைவாணி தலை நிறையப் பூவோடு காபித் தட்டை ஏந்தி வந்தாள்.

பெண் பார்க்கப் போன அன்றும் இப்படித்தான் வந்தாள். அன்று தட்டு நடுங்கியது. இன்று நடுங்கவில்லை. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"இவ்ளோ நல்ல ஊட்டை ஏன் விக்கிறீங்க?" என்றாள் ஜெகதீஷின் அம்மா, காபியை ஆற்றிக்கொண்டே.

"பையனுக்குக் கோயம்புத்தூர்ல வேலை. ரெண்டு பேரும் அங்க போறாங்க" என்றார் எத்திராஜ்.

"நான் செங்கல், சிமெண்டெல்லாம் பாக்க மாட்டேன் அண்ணாத்தே. உள்ள வாழ்ந்தவங்க மூஞ்சியத்தான் பாப்பேன்."

"அப்புறம் ஏம்மா செவுத்தைத் தட்டிகினு இருந்தே?" என்றான் ஜெகதீஷ்.

"நீ சும்மா இருடா." அவள் கலைவாணியின் முகவாயைத் தொட்டு நிமிர்த்திப் பார்த்தாள். "ஒரு கொறையும் இல்ல. மகாலட்சுமி மாதிரி கீது பொண்ணு."

எத்திராஜுக்கு மூச்சு சீரானது.

பிறகு தமிழ்வாணனைத் தவிர எல்லோரும் பின்னால் இருந்த சின்ன அறைக்குப் போனார்கள். மருமகள் புழங்கும் வீட்டில் கூடத்தோடு நிற்பதுதான் எத்திராஜின் வழக்கம். உள்ளறைகளில் அவர் கால் வைத்ததே இல்லை. இன்று இந்த அம்மாள் எதைத் தட்டுவாளோ என்ற கடுப்பில் அவரும் பின்னாலேயே போனார்.

ஜெகதீஷின் அம்மா அறைக்குள் நின்று கதவைச் சாத்திப் பார்த்தாள். உட்பக்கத்தில் மேலே ஒரு தாழ்ப்பாள். நடுவில் ஒன்று. கீழே ஒன்று. போதாததற்குக் குறுக்கே கட்டை செருக இரண்டு இரும்புக் கொக்கிகள்.

"இம்மாத்தூண்டு ரூமுக்கு இத்தினி தாப்பாளா? இன்னாமா, உள்ள தங்கப் பாளம் கீளம் வெச்சிருந்தியா?"

"இந்தப் பக்கம் காத்து ஜாஸ்திம்மா" என்றாள் கலைவாணி, சிரித்த முகத்தோடு. "கதவு அடிச்சிகினே இருக்கும்."

எத்திராஜ் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூன்று பக்கமும் சுவர். கைக்கெட்டாத உயரத்தில் ஒரு காற்றுத்துளை. அதையும் அடுத்த வீட்டுச் சுவர் அடைத்துக்கொண்டு நின்றது.

கதவைத் திறந்து அதன் வெளிப்பக்கத்தைப் பார்த்தார். மேல்பாதி பழைய வர்ணம். கீழ்ப்பாதியில் மட்டும் புது வர்ணம். விரலால் தடவினார். பலகை பிளந்து, உள்வாங்கி, பிளவை மக்குப் பசையால் அடைத்து மெழுகியிருந்தது. ஓர் ஆண் காலைத் தூக்கி உதைத்தால் எட்டுகிற உயரம்.

தாழ்ப்பாள்களைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் சுற்றி, ஆணி பிய்ந்து மறுபடி அடித்த ஓட்டைகள்.

கூடத்தில் போன் சத்தம் நின்றிருந்தது. தமிழ்வாணன் எழுந்து அறை வாசல்வரை வந்து, அங்கேயே நின்றான்.

கலைவாணியின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அவர் போனில் உத்தரவு போட்ட சிரிப்பு. மாமனாரின் வாய் திறப்பதைக் கண்டதும், வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தாள்.

"காத்து இல்லம்மா அது" என்றார் எத்திராஜ். குரல் தெருவரை கேட்டது. கை மகனை நோக்கி நீண்டது.

"நான் பெத்தது."