நீலப் பிளக்

“இழுக்காதேங்கோ அப்பா. கீழ அமத்துங்கோ.”

பாலேந்திரா அமத்தினார். முன்றலில் நின்ற கரவன் வண்டியின் பக்கவாட்டில் இறுகியிருந்த நீலப் பிளக் சின்னச் சத்தத்தோடு கழன்று கைக்கு வந்தது.

போன கிழமை வரைக்கும் அது வராது. முழங்காலைக் கரவனில் ஊன்றி இழுப்பார். வாதம் பிடித்த விரல்கள் மடங்காமல் வழுக்கும். பிறகு மருமகள் மேனுஷா வந்து ஒரே இழுவையில் கழற்றுவாள். 

மகன் நிருஜன் தன் வேலையிடத்தில் அதற்கு ஒரு பிடி செய்துகொண்டு வந்தான். பிளக்கின் கழுத்தைச் சுற்றிப் பூட்டும் ஒரு பிளாஸ்டிக் வளையம், அதிலிருந்து நீளும் ஒரு நெம்புகோல். விரல்களுக்கு வேலையில்லை. உள்ளங்கையால் அமத்தினால் போதும்.

முதல் செய்தது அவர் கைக்குப் பெரிதாக இருந்தது. நிருஜன் அவருடைய கையைப் பிடித்துச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தான். பென்சிலால் சுற்றி வரைந்தான்.

மகன் கடைசியாகத் தன் கையைப் பிடித்தது எப்போது என்று அவர் யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

“இன்னொருக்கா கொழுவிக் கழட்டுங்கோ,” என்றான் நிருஜன்.

செய்தார்.

மோர்டனில் அவர்களுடைய வீட்டு முன்றலுக்குக் கரவன் வந்தது ஈஸ்டர் விடுமுறைக்கு முன். காரில் பூட்டி இழுத்துக்கொண்டு போகலாம். உள்ளே கட்டில், அடுப்பு, ஒரு சின்னக் குளிர்பெட்டி. கரன்டுக்கு மட்டும் வெளியிலிருந்து கேபிள் கொழுவ வேண்டும்.

எங்கே போகப்போகிறோம் என்று அவர் கேட்டார்.

முதலில் கேபிளைப் பழகுங்கோ, தனியக் கொழுவிக் கழட்ட ஏலுமெண்டால் பாப்பம் என்றான் நிருஜன்.

அதில் நியாயம் இருந்தது. போகிற இடத்தில் ஒரு வேலையையாவது அவர் பொறுப்பெடுத்தால் மற்றவர்களுக்குச் சுமையாக இருக்கமாட்டார். மனைவி வசந்தமலர் தவறிய பிறகு குடும்பமாக எங்கும் போனதில்லை.

விம்பிள்டன் கோயிலில் வயதானவர்கள் சேர்ந்து கடற்கரைக்குப் போக பஸ் பிடித்திருந்தார்கள். தன் இடத்தைக் கோயில் நண்பர் ஞானேஸ்வரனுக்குக் கொடுத்துவிட்டார். மகன் கரவனில் வேல்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான் என்று சொன்னார்.

“வேல்ஸில மழையைத்தான் பாப்பீர்,” என்றார் ஞானேஸ்வரன்.

வேல்ஸ் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. அதை அவராகவே வைத்துக்கொண்டார்.

“இப்ப கண்ணை மூடிக்கொண்டு.”

“ஏன்ரா?”

“இருட்டில செய்யவேண்டி வரும்.”

கடற்கரைகளில், மலையடிவாரங்களில் இருட்டாகத்தான் இருக்கும். அவர் கண்ணை மூடினார். கராஜுக்குள் போய்த் தடவி சுவிட்சை நிறுத்தினார். கரவனின் சுவரைத் தொட்டுத் தொட்டு வந்தார். மூடியைத் தூக்கி, நெம்புகோலை அமத்தினார். கழன்றது. திரும்பக் கொழுவினார். பிளக் முழுதாக உள்ளே போய் இறுகும் சத்தம் கேட்டது.

“மாமா பாஸாகிட்டார்!” என்று மேனுஷா வாசலில் நின்று கை தட்டினாள்.

அவர் கண்ணைத் திறந்து சிரித்தார்.

மேனுஷா உள்ளே போய் அவருடைய குவில்ட் போர்வையையும் தலையணையையும் கொண்டுவந்தாள். பிறகு மருந்துப் பெட்டி. பிறகு வசந்தமலரின் படம். அவர் கரவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உங்கட சாமான்களையும் வையுங்கோ பிள்ளை. இடம் கிடக்கு.”

அவள் படத்தை உள்ளே வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.

அவர் பிளக்கைத் திரும்பக் கழற்றிக் கையில் வைத்திருக்க, நிருஜன் கேபிளைச் சுருட்டத் தொடங்கினான்.

“ராவில கொழுவுங்கோ. விடிய முதல் கழட்டி, சுருட்டி, கராஜுக்குள்ள வைச்சிடுங்கோ. பகல்ல கேபிள் கிடந்தால் கரவனுக்குள்ள ஆள் இருக்கெண்டு தெரியும். முன்வீட்டுக்காரி கவுன்சிலுக்குப் போன் அடிச்சுச் சொல்லிடுவாள்.”

“போற இடத்திலயுமோ கவுன்சில்?” என்று அவர் பகிடியாகக் கேட்டார்.

நிருஜன் சிரிக்கவில்லை. கேபிள் முறுகியிருந்தது. அதை நேராக்கினான். மீண்டும் நேராக்கினான்.

“கொஞ்ச நாளைக்குத்தான் அப்பா.”

பாலேந்திரா கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். பிடி அவருடைய உள்ளங்கைக்குள் அப்படியே பொருந்தியிருந்தது. வேறு யாருடைய கைக்கும் அது சரிவராது.

மேலே ஏதோ தட்டுப்பட்டது.

அவருடைய அறை ஜன்னலில் ஒரு பொடியன் நின்றான். முன்பின் கண்டிராத முகம். கழுத்தில் வேலையிடத்து அடையாள அட்டை. கட்டிலில் ஒரு சூட்கேஸ் திறந்து கிடப்பது கீழிருந்தே தெரிந்தது. அவன் ஜன்னலைத் திறக்கப் பார்த்தான். அது அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினான்.

நிருஜன் நிமிரவில்லை.

அந்த ஜன்னலின் மரச்சட்டம் மழைக்காலத்தில் ஊதிவிடும். தோளைக் கொடுத்தால் கண்ணாடி வெடிக்கும்.

“தம்பி,” என்று பாலேந்திரா குரல் கொடுத்தார். “கொஞ்சம் மேல தூக்கிக்கொண்டு தள்ளும்.”

ஜன்னல் திறந்தது.

“தேங்க்ஸ் அங்கிள்,” என்றான் அவன். “இன்னைக்குத்தான் இந்த ரூமுக்கு வாடகைக்கு வந்தேன். நீங்க பக்கத்து வீடா?”